நடுக்கூடத்துச் சுவர்

அன்று காலை என் கணவர் கடைசியாக என்னிடம் கேட்டது நகவெட்டி.

“எங்க வெச்ச தனம்?”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா நகம் வெட்டற ஆள இப்பத்தான் பாக்கறேன்.”

“போட்டோல கை தெரியுமில்ல? அண்ணன் கையும் என் கையும் சேர்ந்து செங்கல்ல புடிக்கணும்னு அந்த நிஷாப் பொண்ணு சொல்லியிருக்கு.”

தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புது வேட்டியோடு முக்காலியில் உட்கார்ந்து, கீழே நேற்றைய பேப்பரை விரித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நீட்டிப் பார்த்து வெட்டினார். ஒரு துண்டு தெறித்து அடுப்புப் பக்கம் போனது.

“இதப் பொறுக்க யாரு வருவா?” என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது.

சென்ற வாரங்களில் இந்தக் கதையைப் படித்தவர்கள் அடுத்த சில வரிகளைத் தாண்டிப் போகலாம். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன்.

மேற்குத் தாம்பரத்தில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிறது எங்கள் மணியக்காரர் தெரு. இது கிராமமாக இருந்த காலத்தில் ஊருக்கு நடு என்றாலும் கடைத்தெரு என்றாலும் இது ஒன்றுதான். வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் ஃபிளாட்டாகிவிட்டது. தெருவில் மட்டும் பழைய வீடுகள் மிஞ்சின. அவற்றின் முகத்தையும் தகரக் கொட்டகைகள், போர்டுகள், கரண்ட் ஒயர்கள் மறைத்துக்கொண்டிருந்தன.

போன வருஷம் நகரத்திலிருந்து ஒரு அறக்கட்டளை வந்தது. ‘ஹெரிடேஜ்’ என்றார்கள். தகரத்தைக் கழற்றி, சுண்ணாம்பு பூசி, தெருவுக்குக் கல் பாவி, ஒயரையெல்லாம் பூமிக்குள் புதைத்து, ஊரின் நடுவை அந்தக் காலத்தில் இருந்தபடி மீட்கப் போவதாகச் சொன்னார்கள்.

தெருவிலேயே பெரியது எங்கள் வீடு. அதில்தான் தொடங்க ஆசைப்பட்டார்கள். ஆனால் வீட்டின் நடுக்கூடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சுவர் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் என் கணவர் தயாளனின் அண்ணன் கேசவன். இந்தப் பக்கம் நாங்கள்.

நான் தலைப்பிரசவத்துக்குக் கோவிலம்பாக்கத்தில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது எழும்பிய சுவர் அது. குழந்தையைப் பார்க்க வந்த இவர் மஞ்சள் காமாலை கண்டு அங்கேயே படுத்துவிட்டார். நாங்கள் தமிழினியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது சுவர் பூசிக் காய்ந்து, வெள்ளையும் அடித்திருந்தது. “இனிமே உனக்கு வாசல் சந்துப் பக்கம்தான்” என்றார் கேசவன். அதன்பின் இருபத்தேழு வருஷம் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அறக்கட்டளை வந்த பிறகு எங்கள் சந்துக் கதவைத் தட்டினார். சுவரை எடுத்து வீட்டை ஒன்றாக்கினால் தெருவின் முதல் வீடு என்று வாசலில் பெயர் பொறித்த கல் வைப்பார்களாம். இல்லையென்றால் கல் எதிர்வரிசை வேதாசலம் வீட்டுக்குப் போய்விடுமாம்.

இவர் கல்லைப் பற்றிக் கேட்டதாகவே தெரியவில்லை. “அண்ணன் நம்ம வூட்டுக்குள்ள வந்துட்டுப் போச்சு தனம்” என்று அதையே இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, “இன்னும் சின்னவனேன்னு கூப்பிடல. செவுரு போனா கூப்பிடும்” என்றார். சிறு வயதில் அண்ணன் அவரை அப்படித்தான் அழைப்பாராம்.

எனக்கு அந்தச் சுவரோடு பகை இல்லை. அது ஏசாது, குத்திக் காட்டாது.

சந்திலிருந்து தெருவுக்கு வந்தபோது புஷ்பம் வெயிலில் குந்தியிருந்தாள். கோவளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மீன் கொண்டுவருகிறவள். எங்கள் வீட்டு முகப்பில் இருந்த தகரத்தின் கீழ்தான் பல வருஷமாக விற்றாள். போன வாரம் தகரத்தைக் கழற்றிவிட்டார்கள்.

“இன்னா தனம்மா, வூட்டுக்கு மேக்கப்பு முட்ச்சிட்டாங்களா?”

“உனக்கு எங்கடி எடம் குடுத்தாங்க?”

“எடமா? நானு ஹெரிடேஜு இல்லியாம். மீனு நாத்தம் அட்ச்சா பாரின்காரன் வரமாட்டானாம். அந்தக் காலத்துல இந்தத் தெருவுல யாரும் மீனு துன்னலியான்னு கேளு அந்த டிரஸ்ட்டு ஆளாண்ட.”

“செவுரு போவட்டும் புஷ்பம். நம்ம கூடத்துலயே குந்திக்க” என்றார் என் கணவர்.

“உங்க அண்ணன் குந்த வெப்பாரு. குந்த வெச்சி கூடையோட தூக்கி வெளிய கடாசுவாரு. போ சார், போட்டோல நல்லா சிரி.”

அவர் அப்போதே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பெரிய வாசல் வழியாக நான் உள்ளே போனது திருமணமான புதிதில். இத்தனை வருஷத்துக்குப் பிறகு வலது காலை எடுத்து வைத்தேன்.

“மிதியடில துடைச்சுட்டு வா தனம். காலையிலதான் தரை தேய்ச்சு வுட்டிருக்கேன்” என்றாள் கேசவனின் மனைவி கங்கையம்மாள். பிறகு என் பின்னால் வந்த தமிழினியை மேலும் கீழும் பார்த்தாள். “பொண்ணு இன்னும் வூட்லயேதான் கீதா? செவுரு வுழுந்தா உங்க வூட்டு ராசி எங்க வூட்டுக்கு வந்துடப் போவுது.”

“பெரியம்மா, நான் வேலைக்குப் போறேன்” என்றாள் தமிழினி.

“அதான் சொல்றேன்.”

கூடம் நிறைய ஆட்கள். அறக்கட்டளைத் தலைவர் பட்டாபிராமன், ஓய்வுபெற்ற அதிகாரி, நாற்காலியில் இருந்தார். வேலைக்குப் பொறுப்பான கட்டடக்கலைப் பெண் நிஷா கையில் போனோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கேசவனின் மகன் மதியழகன் வாழைப்பழத்தையும் தேங்காயையும் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

சுவரில் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்குப் பூச்சை உடைத்துச் செங்கல்லைத் தளர்த்தி வைத்திருந்தார்கள். சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, செங்கல்லை மட்டும் திரும்ப அடுக்கியிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரு செங்கல்லை இழுத்தால் மற்றவை தானாகச் சரிந்து வழி திறக்கும். படத்தில் அழகாக வரும்.

அதற்கு நேர் மேலேதான் உத்திரம். கூடத்தின் முழு நீளத்துக்கும் ஓடும் தேக்கு. தளம் முழுவதும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பக்கம் சுவருக்குள் நுழைந்து, அவர்கள் பக்கம் வெளியே வருவதாகத்தான் நாங்கள் நினைத்திருந்தோம். நடுவில் இருப்பதைப் பூச்சு மூடியிருந்தது.

“சார், ஜாக்கி வராம செங்கல்ல தொடக்கூடாது” என்றாள் நிஷா. “ஓப்பனிங் கரெக்டா உத்திரத்துக்குக் கீழ வருது. இரும்பு முட்டு குடுத்துட்டுத்தான் எடுக்கணும்.”

“வண்டி எங்க கீது?” என்று கேட்டார் கேசவன்.

“பெருங்களத்தூர்ல மாட்டிக்கிச்சு. பொங்கலுக்கு ஊருக்குப் போனவங்க எல்லாம் இன்னிக்குத் திரும்பறாங்க. ஜிஎஸ்டி ரோடு முழுக்க பஸ்.”

“பத்தரைக்கு ராகு காலம்மா.”

“அப்போ மத்தியானம் வெச்சுக்கலாம் சார்.”

“தெருவே வந்து நிக்குது. வூட்டுக்குப் போயிட்டு மத்தியானம் வாங்கன்னு சொல்றதா? எதிர்வூட்டு வேதாசலம் வயிறு குலுங்கச் சிரிப்பான்.” கேசவன் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். “இது ஒத்த மரம்மா. பர்மாத் தேக்கு. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே மரம். செவுரு வர்றதுக்கு முன்ன அறுவது வருஷம் தானாத்தான் நின்னுச்சு.”

“நடுவுல ஜாயின்ட் எதுவும் இல்லையே? உத்திரத்துக்கிட்ட பூச்சை உடைச்சுப் பாத்துடலாம்னு அன்னிக்கே கேட்டேன். நீங்கதான் வேணாம்னுட்டீங்க.”

“எங்க அப்பன் போட்ட மரம். எனக்குத் தெரியாதா?”

அதைச் சொல்லும்போது அவர் மேலே பார்த்தார். சட்டென்று ஒரு பார்வை. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிஷா பட்டாபிராமனைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒரு போட்டோதானே? எடுத்துட்டு எல்லாரும் வெளில வந்துடுங்க” என்றார்.

மதியழகன் கற்பூரம் காட்டினான். செங்கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். கேசவன் ஒரு முனையைப் பிடித்தார். என் கணவர் மறுமுனையை.

“இன்னாடா, மாப்ள கணக்கா நகமெல்லாம் வெட்டினு வந்துகீற?” என்றார் கேசவன்.

கூட்டம் சிரித்தது. இவரும் சிரித்தார். இழுத்தார்கள். செங்கல் வந்தது. அதன் மேலிருந்தவை ஒவ்வொன்றாகச் சரிந்தன. போட்டோக்காரன் பளிச் பளிச்சென்று எடுத்தான். ஓட்டை வழியாக எங்கள் கூடம் தெரிந்தது. கொடியில் காய்ந்த என் புடவை, டிவி, அரிசி டிரம்.

“அய்ய, இதுவா உங்க கூடம்? குடோனாட்டம் கீதே!” என்றாள் கங்கையம்மாள்.

“ஒருத்தர் அந்தப் பக்கம் தாண்டற மாதிரி நில்லுங்க சார்” என்றான் போட்டோக்காரன்.

எங்கள் குடும்பத்தில் பெரியவர் இருக்கும்போது சின்னவர் எதிலும் முந்துவதில்லை. பந்தியில் முதல் இலை, கோயிலில் முதல் விபூதி, எல்லாம் கேசவனுக்குத்தான். பேசாமல் இருந்த இருபத்தேழு வருஷத்திலும் ஒரு கல்யாண வீட்டில்கூட அவர் அதை விட்டுக்கொடுத்ததில்லை.

அன்று அவர் இரண்டடி பின்னால் வந்தார்.

“போடா சின்னவனே. மொதல்ல நீ போ.”

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். கேட்டாயா என்கிற முகம். அந்த முகத்தோடுதான் எங்கள் பக்கம் காலை வைத்தார். தோள் இடித்தது. இன்னும் இரண்டு செங்கல்லைக் கையால் தள்ளினார்.

முதலில் கேட்டது பெரிய சத்தம் அல்ல. கரும்பு ஒடிப்பது போல ஒன்று. பிறகு எங்கள் பக்கத்துத் தளம் முழுவதும் இறங்கியது.

எல்லாரும் பெரிய வாசலைப் பார்த்து ஓடினார்கள். நான் சுவரைப் பார்த்து ஓடினேன். சுண்ணாம்புப் புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. யாரோ என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். மீன் வாடையை வைத்துத்தான் புஷ்பம் என்று தெரிந்தது. வெறுங்கையால் தோண்டினாள்.

“சார்! சார்! பேசு சார்! எவனாவது வாங்கடா இங்க, மரத்தைத் தூக்குங்கடா!”

மதியழகன் ஓடி வந்தான். நாலு கொத்தனார்கள் வந்தார்கள். மரத்தைத் தூக்கினார்கள். தூக்கி ஒன்றும் ஆகவில்லை.

புழுதி அடங்கிய பிறகு நிஷா அந்த மரத்தின் அருகில் உட்கார்ந்தாள். முறிந்த மரத்துக்குச் சிலாம்பு இருக்கும். இதற்கு இல்லை. முனை பலகை போல வழவழவென்று இருந்தது. ரம்பம் போட்டு அறுத்த முகம். மேலே அவர்கள் பக்கத்துப் பாதி, அதே போல அறுபட்ட முகத்தோடு, மிச்சச் சுவரைப் பிடித்துச் சாய்ந்து தொங்கியது.

ஒரே மரம் இல்லை. இரண்டு பாதிகள். இரண்டையும் இத்தனை வருஷம் தாங்கி நின்றது அந்தச் சுவர்.

இன்ஸ்பெக்டர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“யாருங்க இதை அறுத்தது?”

கேசவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதிருந்தார்.

“எந்தம்பிதான் சார். பாகம் பிரிச்சப்ப பாதி மரம் எனக்கு வந்தே ஆவணும், உன் மரம் என் பக்கம் ஒரு அங்குலம் நீட்டக்கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னான். செவுத்துக்கு நடுவுல சரியா கோடு போட்டு அறுத்தான். செத்தவன் மேல சொல்லக்கூடாதுதான். நீங்க கேக்கறீங்க, சொல்றேன்.”

“மாமா!” என்றேன். “அவரு அப்ப இந்த ஊர்லயே இல்ல. கோவிலம்பாக்கத்துல எங்கம்மா வூட்ல காமாலையில கெடந்தாரு. நாங்க வந்தப்ப செவுரே காய்ஞ்சு போச்சு.”

“புள்ள பெத்துட்டுப் படுத்துனு இருந்தவளுக்கு இங்க நடந்தது இன்னா தெரியும்?” என்றாள் கங்கையம்மாள். “நடுவுல வந்துட்டுத்தான் போனாரு உன் புருஷன். உங்கிட்ட சொல்லினு வரணுமா?”

“சார்” என்று நிஷா வாயைத் திறந்தாள். “இவர்தான் ஒரே மரம்னு எங்கிட்ட...”

பட்டாபிராமன் அவள் முழங்கையைத் தொட்டார். “அப்புறம் பேசலாம்மா. இப்ப எல்லாரும் அப்செட்டா இருக்காங்க.”

அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“அறுத்தவரு அதுக்குக் கீழயே போயி நிப்பாரா சார்?” என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். “மொதல் ஆளா நிப்பாரா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. குரல்கூடத் தணிவாகத்தான் இருந்தது.

“மறந்திருப்பாரும்மா. எவ்ளோ வருஷம் ஆச்சு.”

கேசவன் கொல்ல நினைத்தார் என்று நான் எழுதவில்லை. ஒரு போட்டோவுக்கு மரம் தாங்கும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். அறுத்தது வெளியே தெரிந்தால் பெயர்க்கல் வேதாசலம் வீட்டுக்குப் போய்விடும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் நினைக்காமல்கூட இருந்திருக்கலாம். ஆனால் தாங்கும் என்று முழுசாக நம்பியிருந்தால் முதல் ஆளாக அவரே தாண்டியிருப்பார். அந்த மரியாதையை அவர் யாருக்கும் கொடுத்தவர் இல்லை.

நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பட்டாபிராமன் கொத்தனார்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “அந்த உத்திரத்தை யாரும் விறகுக்குப் போட்டுடாதீங்க. ஒரிஜினல் மெட்டீரியல்.”

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் என் கணவரைக் கொடுத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் பெரிய வாசலில் வந்து நின்றது. டிரைவர் அதற்கு நேராகக் கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து கங்கையம்மாளின் குரல் வந்தது.

“அவங்களுக்கு வழி சந்துல.”

சந்து குறுகல். ஒருபக்கமாகச் சாய்த்துத்தான் கொண்டுபோக முடிந்தது. தமிழினி தலைப்பக்கம் பிடித்துக்கொண்டாள்.

கூடத்தில் தளம் இல்லாததால் சமையலறைக்கு முன்னால் கிடத்தினோம். அங்கிருந்து பார்த்தால் சுவர் தெரிந்தது. ஓட்டையை அடைத்துவிட்டிருந்தார்கள். சுவரில் இடைவெளி இருந்தால் அண்ணன் பக்கத்துப் பாதியும் விழுந்துவிடும், உடனே எழுப்புங்கள் என்று நிஷா அழுதுகொண்டே சொன்னாளாம். அதே செங்கல். ஒன்றில் மட்டும் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. சிமெண்ட் இன்னும் காயவில்லை.

கேசவன் சந்துக் கதவு வரை வந்தார். உள்ளே வரவில்லை.

“தயாளனுக்குப் புள்ள இல்ல. கொள்ளி மதி வெப்பான். காலையிலயே எடுத்துடணும். தெருவுல கல்லு பாவற வேலை நிக்குது.”

அவர் போன பிறகும் மதியழகன் நின்றுகொண்டிருந்தான். முப்பத்துமூன்று வயது ஆண்பிள்ளை, வாசற்படியில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். புருவத்தில் சுண்ணாம்பு இருந்தது.

“சித்தி.”

“சொல்லு.”

“நான் கொள்ளி வெக்கக்கூடாது சித்தி.”

“ஏன்?”

“அப்ப எனக்கு ஆறு வயசு. நம்ம கூடத்துல சாரம் கட்டினாங்க. ஜீவரத்தினம்னு ஒரு ஆளு, நீட்டு ரம்பம் எடுத்துனு வந்தான். மரத்தூளெல்லாம் என் தலைல கொட்டிச்சு.” புருவத்துச் சுண்ணாம்பைத் துடைத்தான். “கீழ நின்னு இழுறா, இழுறான்னு சொன்னது சித்தப்பா இல்ல.”

தமிழினி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “அதை அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுண்ணா. இப்பவே வா, போலாம்.”

“ஜீவரத்தினம் இருக்கான் தமிழு. பெருங்களத்தூர்லதான் கீறான். போன மாசம்கூட பாத்தேன்.”

“அப்ப காலையில ஏண்ணா சொல்லல? அந்த ஓட்டைய வெட்டும்போது ஏன் சொல்லல?”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கங்கையம்மாள் கூப்பிட்டாள். அடைத்த இடத்தில் இன்னும் பூச்சு இல்லாததால் குரல் தெளிவாக வந்தது.

“மதி! சாவு வூட்ல இன்னா இன்னும்? வந்து தலைக்குத் தண்ணி ஊத்தினு சாப்புடு!”

மதியழகன் தமிழினியின் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து எடுத்தான். நாளைக்கு என்றான். சொல்கிறேன் என்று சொல்லவில்லை. நாளைக்கு என்று மட்டும் சொன்னான். சந்து வழியாகப் போய்விட்டான்.

அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டியிருந்தது. நான் பின்கட்டுக்குப் போய்க் குடத்தைக் குழாயின் கீழ் வைத்துத் திறந்தேன். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. குடம் கால்வாசி நிரம்புவதற்குள், அந்தப் பக்கம் அவர்கள் குளியலறைக் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வரும் பைப் அவர்கள் பக்கமாக வந்துதான் எங்களுக்குப் பிரிகிறது.

எங்கள் குழாயில் தண்ணீர் நூலாக இளைத்தது. எப்போதும் போல.